பூக்காரர் கதையின் மிச்சம்

தம்பி,

நேற்று மத்தியானம் நீ போன் செய்தபோது அடுப்பில் எதுவும் இல்லை. "ஒல கொதிக்குது, அப்பறம் பேசறேன்" என்று நான் வைத்தது பொய். நீ கேட்டது சாதாரணக் கேள்விதான். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் உதவிப் பேராசிரியராகச் சேரப் போகிறாய். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு ஆன்லைனில்தான் என்று சொல்லிவிட்டார்களாம். "கொரோனா சமயத்துல நீங்க எடுத்தீங்களேம்மா, ஏதாச்சும் டிப்ஸ் குடுங்க" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் நாலு யோசனை சொல்லிவிட்டு, சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்டாயா என்று கேட்டு முடித்திருப்பேன். நீ சிரித்துக்கொண்டே, "ஒங்க பூக்காரரு மாதிரி எவனாச்சும் உள்ள வந்தா தூக்கி வெளிய போட்டுறலாம்ல?" என்றாய். அப்போதுதான் அந்த உலைப் பொய்யைச் சொல்லிப் போனை வைத்தேன். இத்தனை வருடமாக அந்தப் பூக்காரர் கதையை நீ சொல்லாத வீடு இல்லை. உன் அக்கா கல்யாணப் பந்தியில் சொன்னாய். பெரியம்மா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் என் குரலிலேயே பேசிக் காட்டினாய். ஒவ்வொரு தடவையும் நானும் கூட உட்கார்ந்து சிரித்தேன். அந்தக் கதைக்கு ஒரு மிச்சம் இருப்பது உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான். நீ வகுப்பறைக்குள் கால் வைக்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன்.

அந்த வருடம் மார்ச்சில் கல்லூரியைப் பூட்டியபோது, பத்து நாளில் திறந்துவிடுவார்கள் என்று நம்பி மேசை இழுப்பறையில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாயை வைத்துவிட்டு வந்தவள் நான். அதை எறும்பு தின்று முடித்த பிறகும் கல்லூரி திறக்கவில்லை. திடீரென்று ஒரு நாள், இனிமேல் வகுப்பெல்லாம் போனில்தான் என்று உத்தரவு வந்தது. இருபத்தெட்டு வருடம் சாக்பீஸ் பிடித்தவளுக்கு வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பவே நீ வேண்டும். எம்.எஸ்ஸி. கடைசி வருடம், நீயும் வீட்டில்தான் கிடந்தாய். அரிசி டப்பா மேல் என்னுடைய தடித்த வரலாற்றுப் புத்தகங்கள் இரண்டை அடுக்கி, அதன் மேல் போனைச் சாய்த்து வைத்து, "இதுதான்மா கேமரா, இதைப் பாத்து பேசுங்க, என்னையப் பாக்காதீங்க" என்று நீ பாடம் நடத்தினாய். முதல் வகுப்பில் ஐம்பத்தெட்டு பெயர்கள் இருந்தன. முகம் ஒன்றுகூட இல்லை. இருபது வருடமாக ஒவ்வொரு இரண்டாமாண்டு வகுப்பையும் சிரிக்க வைத்த ஒரு வேடிக்கையைச் சொன்னேன். கிணற்றில் கல்லைப் போட்டால்கூடச் சத்தம் கேட்கும், அதுகூடக் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் சமையலறையில் போய் நின்று தண்ணீர் குடித்தேன். நான் இத்தனை வருடம் நடத்தியது பாடத்தை வைத்து அல்ல, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளின் புருவத்தை வைத்து என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் புருவம் சுருங்கினால் திரும்பச் சொல்வேன், விரிந்தால் மேலே போவேன். அது இல்லாமல் போனதும் எனக்குப் பாடமே தெரியாதது போல ஆகிவிட்டது.

அப்புறம் நீ அந்த வகுப்பின் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினாய், நினைவிருக்கிறதா? கால் மணி நேரத்தில் நாற்காலியிலேயே நான் தூங்கிப்போனேன். என்னுடைய வகுப்பில், என்னுடைய குரலுக்கு. வகுப்பில் தூங்கியவர்களை எல்லாம் எழுப்பி நிற்க வைத்த கொடுமைக்காரி நான். அன்றைக்கு உன் அப்பா, "இப்பத் தெரியுதா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். ஆகவே டிப்ஸ் கேட்டாய் அல்லவா, முதலாவதை வைத்துக்கொள். கால் மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பேசாதே. பேச்சை நிறுத்தி யாரையாவது பேசவிடு. "புரிஞ்சுதா?" என்று மொத்தமாகக் கேட்காதே, அதற்கு 'புரியவில்லை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருத்தரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ என்ன புரிந்துகொண்டாய் என்று கேள். இதையெல்லாம் மற்றவர்களும் உனக்குச் சொல்வார்கள். அடுத்ததை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது வாரம் எங்கள் கல்லூரியில் இன்னொரு துறையில் ஒரு மேடத்தின் வகுப்புக்குள் எவனோ நுழைந்து கெட்ட வார்த்தையில் கத்திவிட்டுப் போனான். அந்த மேடம் அழுதுவிட்டார். எல்லோரும் ஆடிப்போனோம். தெரியாத பெயர் எதையும் வகுப்புக்குள் வைத்திருக்கக் கூடாது என்று முதல்வரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. நான் விடுவேனா? அன்றைக்கே வகுப்பு வாட்ஸப் குழுவில் சட்டம் போட்டேன். எல்லோர் மைக்கும் மூடியே இருக்கும், நான் திறந்தால்தான் திறக்கும். எழுதி அனுப்பும் இடத்தையும் மூடினேன், "சாப்டியாடி" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக. சொந்தப் பெயரில்தான் வர வேண்டும், பிறர் பெயரில் உள்ள போனில் வருகிறவர்களுக்கு வகுப்பில் இடமில்லை. சந்தேகம் என்று எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது. எழுதி முடித்துப் பெருமையாக உன்னிடம் காட்டினேன். "செம ஸ்ட்ரிக்ட்டும்மா" என்றாய். பெயர்ப் பட்டியலை எப்படித் திறப்பது, வேண்டாத பெயரை எப்படி நீக்குவது என்று காட்டிக் கொடுத்தாய். ஒரு தடவை நீக்கிவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் திரும்ப நுழைய முடியாது என்றும், அடுத்த நாள் லிங்க் மாறும்போதுதான் வர முடியும் என்றும் சொன்னாய். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் வருகைப்பதிவு எடுப்பேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கீரமங்கலம், ஆலங்குடி பக்கத்துப் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, மூச்சிரைக்க வாசலில் நிற்பதைப் பார்த்து ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். பஸ் தாமதமானால் பிள்ளை என்ன செய்யும்? ஆன்லைனில் பஸ் இல்லை. ஆனாலும் பழக்க தோஷத்தில் முதல் பத்து நிமிடம் பாடத்தைத் தொடங்கி நடத்திவிட்டு, அப்புறம்தான் பெயர்ப் பட்டியலைத் திறப்பேன். இதை மனதில் வைத்துக்கொள்.

கொடும்பாளூர் பாடம் நடத்திய அன்றைக்குத்தான் உன்னுடைய கதை தொடங்குகிறது. மூவர் கோயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று கோயில்கள் கட்டப்பட்டன, இப்போது நிற்பவை இரண்டு, மூன்றாவது என்று சொல்லும்போது பட்டியலைத் திறந்தேன். நடுவில் ஆங்கில எழுத்தில் 'பூ கமிஷன், கீரமங்கலம்' என்று ஒரு பெயர். நான் மைக்கிலேயே, "கோயில் பேச்சு எடுத்ததும் பூக்காரரு வந்துட்டாரு பாருங்க. மாலையெல்லாம் வேணாங்க, போயிட்டு வாங்க" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ வாய்விட்டுச் சிரித்தாய். கையை நீட்டி நீதான் அந்தப் பொத்தானை அழுத்தினாய். அது முதல் நாள். மறுநாள் அதே பெயர். "அம்மா, பூக்காரரு மறுபடி வந்துட்டாரு" என்று நீ சமையலறையிலிருந்து கத்தினாய். மூன்றாம் நாளும் வந்தார். அதற்குப் பிறகு எனக்கே பழகிவிட்டது. பத்து நிமிடம் பாடம், பட்டியல், பூக்காரர் வெளியே, வருகைப்பதிவு. சில நாள், "இன்னைக்கு மல்லி என்ன வெலைங்க?" என்று கேட்டுவிட்டு நீக்குவேன். இந்தக் கதைதான் பந்தி பந்தியாகப் போனது. கமிஷன் கடைக்காரர் வரலாறு படிக்க ஆசைப்பட்ட கதை.

இனி நீ கேட்காதது. அந்த வகுப்பில் கௌசல்யா என்று ஒரு பெண் இருந்தாள். முதலாமாண்டில் மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்காருவாள். அதிகம் பேச மாட்டாள், ஆனால் புருவம் பேசும். ஆன்லைன் தொடங்கியதிலிருந்து அவள் வரவே இல்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே வரிசையாக 'வரவில்லை'. சேர்க்கையின்போது கொடுத்த அவள் அப்பா எண்ணுக்கு இரண்டு தடவை போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. மூன்றாவது தடவை போடவில்லை. "கல்யாணம் பண்ணி வச்சிருப்பாங்க" என்று துறையில் யாரோ சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். அத்தனை சுலபமாக ஒரு பெண்ணுக்கு மனதுக்குள் கல்யாணம் பண்ணி அனுப்பிவிட்டேன். நீண்ட நாள் வராதவர்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாமா என்று அலுவலகத்திலிருந்து படிவம் வந்தபோது, வகுப்புப் பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படிவத்தில் ஊர் என்ற கட்டத்தில் 'கீரமங்கலம் அருகில்' என்று என் கையாலேயே எழுதினேன். தினமும் காலையில் அதே ஊர்ப் பெயரைத் திரையிலிருந்து நீக்கிக்கொண்டிருந்த கை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை என்பதை இப்போது எழுதும்போதும் நம்ப முடியவில்லை.

பருவத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கல்லூரி திறந்தது. எல்லோரும் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஊருக்குத் திரும்பி வந்த சந்தோஷம். பத்து நிமிடம் பேசிவிட்டுப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசித்தேன். கடைசிப் பெயர் முடிந்து மூடும்போது மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"மேடம், எம் பேரு வரல."

கவசத்துக்கு மேலே அந்தப் புருவத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. "நீதான் படிப்ப விட்டுட்டியேம்மா" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன், மறைக்கவில்லை. "ஆன்லைன்ல ஒரு நாளாச்சும் வந்தியா?"

"தெனமும் வந்தேன் மேடம்" என்றாள்.

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அவள் பையிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் மேசை மேல் வைத்தாள். "பூ கமிஷன்னு வருமே, அது நாந்தான் மேடம். நான் எடை போடப் போற மண்டி மொதலாளி போனு."

தம்பி, நின்றபடியே நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி. கீழே நான் சொன்ன பாடம், நான் சொன்ன வார்த்தையிலேயே, ஆறு வரி, ஏழு வரி. அப்புறம் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். பக்கத்தின் மிச்சம் வெள்ளை. அடுத்த பக்கம் அடுத்த தேதி, மறுபடியும் ஆறு வரி, மறுபடியும் பாதி. புரட்டப் புரட்ட அப்படியே. நாற்பத்தொரு பக்கம். கொடும்பாளூர்ப் பக்கத்தில் கடைசி வார்த்தை 'மூன்றாவது'. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த வெள்ளை இடங்களை எல்லாம் நான்தான் உண்டாக்கினேன் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்த பிறகு நோட்டை மூட முடியவில்லை.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. "மைக்கு மூடிருந்துச்சு மேடம். எழுதுற எடமும் மூடிருந்துச்சு. தனியா மெசேஜ் போடக் கூடாதுன்னீங்க" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை, நான் போட்ட சட்டத்தை எனக்கு ஒப்பித்தாள். அப்புறம் அவள் சொன்னதுதான், இத்தனை வருடமாகச் சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. "சொந்தப் பேருல வராதவங்களுக்கு எடமில்லன்னு குரூப்புல போட்டிருந்தீங்கன்னு அபிநயா சொன்னா. எங்கிட்ட போனு இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும் போலன்னு நெனச்சேன். தெரிஞ்சும் எனக்காகப் பத்து நிமிசம் உள்ள விட்டீங்க. ரொம்ப தேங்ஸ் மேடம்."

நான் அவளை நாற்பத்தொரு நாள் வெளியே தள்ளினேன். அவள் அதை நாற்பத்தொரு நாள் சலுகை என்று எடுத்துக்கொண்டாள்.

லிங்க் அனுப்பிக்கொண்டிருந்தவள் அபிநயா, பக்கத்து பெஞ்சு. அவளைப் பார்த்தேன். அவள் எழுந்து, "நீங்க சிரிச்சீங்கல்ல மேடம், அதான் தெரிஞ்சேதான் சொல்றீங்கன்னு நெனச்சோம்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். கௌசல்யா நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கொடும்பாளூர்ப் பக்கத்தை எடுத்து, "மேடம், மூணாவது கோயில் என்னாச்சு?" என்று கேட்டாள். கோபித்துக்கொள்வாள், அழுவாள் என்று காத்திருந்த என்னிடம் அவள் கேட்டது அதுதான். "அடித்தளம் மட்டும் இருக்கும்மா, மேல ஒண்ணும் இல்ல" என்றேன். நின்றபடியே அதை எழுதிக்கொண்டாள்.

அன்று மாலையே முதல்வர் அறைக்குப் போனேன். தேர்வு எழுதுவோர் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது, இனி சேர்க்க முடியாது என்றார். ஆனால் அடுத்த கல்வியாண்டில், அவளுக்கு அடுத்த செட்டோடு, இரண்டாமாண்டில் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு விளக்கக் கடிதம் வேண்டும் என்றார். நடந்ததை எல்லாம் எழுதிக் கொண்டுபோனேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நல்ல மனிதர்தான். "மேடம், ரிட்டயர்மெண்டுக்குக் கிட்ட இருக்கீங்க. எதுக்கு இப்படியெல்லாம் எழுதணும்? தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு வரி போதும். பொண்ணுக்கும் வேலை முடிஞ்சிரும், ஒங்களுக்கும் பிரச்சினை வராது" என்றார். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. அங்கேயே, அவர் கொடுத்த தாளிலேயே எழுதினேன். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக மேற்படி மாணவியின் வருகை பதிவாகவில்லை.' கையெழுத்து என்னுடையது. மாணவர்கள் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று பெயர் வாங்கியவள், அரை நிமிடத்தில் எழுதிய வரி அது. எத்தனை சீக்கிரம் எழுதினேன் என்பதுதான் என்னை அதிர வைத்தது.

அதன் நகலை கௌசல்யாவிடம் கொடுத்தேன். வாசித்தாள். "என்ன கோளாறு மேடம்? மொதலாளி போன்லயா?" என்று கேட்டாள். "போன்ல கோளாறெல்லாம் இல்லயே மேடம், நல்லாத்தான இருந்துச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாளை மடித்து வைத்தாள்.

ஒரு வருடம் போனது பெரிதில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்கு அந்த வீடுகளைத் தெரியும். நடுவில் ஒரு பெண் வீட்டில் நின்றுவிட்டால், திரும்பக் கல்லூரிக்குக் கிளம்புவது அவ்வளவு சுலபமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே கீரமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். அவள் அப்பா அம்மாவிடம், "தப்பு எம் மேலதான்" என்று சொன்னேன். தாளில் எழுத முடியாததை வாயால் சொன்னேன், அவ்வளவுதான் என்னுடைய தைரியம். அவள் அப்பா, "பரவாயில்லைங்க டீச்சர். சூன் மாசம் வரைக்கும் மண்டியில எடை போடட்டும். அதுக்கப்புறம் பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போம்' எனக்குப் பிடிபட்டுவிட்டது. மண்டிக்குப் போனேன். காலை வியாபாரம் முடிந்து, சாக்குகளை உதறிக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதானா அந்த மேடம்? பத்து மணியானா இந்தப் புள்ள போனக் குடுங்கன்னு வந்து நிக்கும். பத்தேகாலுக்குள்ள திருப்பிக் குடுத்துரும். அதுக்குள்ள என்னாத்தா படிச்சன்னு கேப்பேன். எங்க மேடம் சுருக்கமா நடத்துவாங்கன்னு சொல்லும்" என்றார். கௌசல்யா தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சம்பங்கிக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு அங்கேயே ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, அவள் நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் நின்றுபோன வாக்கியத்திலிருந்து நடத்தத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கு இரண்டு பக்கம். நடுவில் மறுபடி ஊரடங்கு வந்து பஸ் நின்றபோது, மண்டி எண்ணுக்கு நானே போன் போடுவேன். என் போனில் 'பூ கமிஷன்' என்று பெயர் வரும். முதலாளி எடுத்து, "இருங்க மேடம், இங்கிட்டுத்தான் இருக்கு, குடுக்கறேன்" என்பார். அந்த வருடம் நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மல்லிகையும் சம்பங்கியும் வந்ததே, "அம்மாவுக்குத் திடீர்னு பக்தி வந்துருச்சு" என்று நீ கிண்டல் செய்தாயே, அதெல்லாம் அந்த மண்டிப் பூ. எங்கே போகிறீர்கள் என்று நீ கேட்டபோதெல்லாம், "பூ வாங்க" என்றேன். உண்மையை உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ அந்தப் பொத்தானை அழுத்திய பிள்ளை, உனக்கு வலிக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. சொன்னால், பந்தியில் என்னை நினைத்துச் சிரிப்பதற்குப் பதிலாக நீ வேறு மாதிரி பார்ப்பாய் என்று பயந்தேன்.

நாற்பத்தொன்றாவது பக்கம் முடிந்த வாரம் அவள் அப்பா அவளைக் கல்லூரிக்கு அனுப்பினார். தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து படித்து, ஒரு வருடம் பிந்திப் பட்டம் வாங்கினாள். அபிநயாவும் மற்றவர்களும் எம்.ஏ. போனபோது இவள் கடைசியாண்டில் இருந்தாள். அந்த ஒரு வருடத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. நான் ஓய்வு பெற்ற அன்று மாலை மரியாதைக்கு எல்லோரும் பேசினார்கள். கஷ்ட காலத்திலும் ஒரு வகுப்பைக்கூட விடாமல் நடத்திய மேடம் என்றார்கள். கழுத்தில் கிடந்த மாலை சம்பங்கி மாலை. அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நன்றி சொன்னேன்.

திங்கட்கிழமை உன் திரையிலும் ஏதாவது ஒரு தெரியாத பெயர் வரும். மாமா கடைப் பெயர் வரும், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் விட்டுப்போன போனின் பெயர் வரும், வெறும் எண்கூட வரும். எவனோ போக்கிரி என்றும் இருக்கலாம். நம் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் நீ என்ன செய்வாய்? உள்ளேயிருந்தே "யாருங்க?" என்று ஒரு குரல் கொடுப்பாய். பழைய பேப்பர்க்காரர் தட்டினாலும் கேட்போம், கரண்ட்டு பில் பார்க்க வருகிறவர் தட்டினாலும் கேட்போம். அந்த ஒரு வார்த்தையை நாற்பத்தொரு நாளில் ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. விலை கேட்டேன், யார் என்று கேட்கவில்லை. மைக்கைத் திறந்து, "யாரும்மா அது?" என்று கேட்டிருந்தால் அவளுக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். சட்டம் எத்தனை வேண்டுமானாலும் போடு, ஆனால் அதில் மாட்டிக்கொண்டவன் உன்னிடம் வந்து சொல்ல ஒரு வழியை மட்டும் திறந்து வை. வராதவன் வீட்டுக்கு மூன்றாவது தடவையும் போன் போடு.

இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கல்லூரிக்கும் அனுப்புகிறேன். அந்தக் கோப்பில் என் ஒற்றை வரிக்குப் பக்கத்தில் இதையும் சேர்த்து வைக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஓய்வூதியத்தை நிறுத்துவார்கள் என்று உன் அப்பா பயப்படுகிறார், அப்படியெல்லாம் ஆகாது என்று அவரிடம் சொல். நேற்று உன் போனை வைத்த பிறகு கௌசல்யாவைக் கூப்பிட்டேன். இப்போது அவளிடம் சொந்த போன் இருக்கிறது, சொந்தப் பெயர் வருகிறது. எல்லாவற்றையும் எழுதப் போகிறேன், அவள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "போடுங்க மேடம், பேரு வரணும்ல" என்றாள்.

உன் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நீ ஒரு நாள் அழுத்தினாய், நான் நாற்பது நாள் அழுத்தினேன். அடுத்த மாதம் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் எல்லோரும் கூடும்போது, பூக்காரர் கதையைச் சொல்லு என்று உன்னை உட்கார வைப்பார்கள். தாராளமாகச் சொல். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆனால் பெயரோடு சொல். பத்து நிமிடத்தோடு நிறுத்திவிடாதே.

அம்மா